லாரிகளில் ஆயில் பிரஷர் மீட்டர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொப்பூர் கணவாயில் பழுதாகி நிற்கும் லாரிகளால் ஏற்படும் நெரிசல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதிக பாரம், தேய்ந்த டயர், பிரேக் கோளாறு, தூக்கமில்லாத டிரைவர் என்று காரணங்களைச் சொல்லியிருந்தீர்கள். எல்லாம் உண்மைதான். ஒரு காரணம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கி லோடோடு முக்கி ஏறும்போது, ஆயில் அழுத்தம் குறைந்து இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டு, நின்றுவிடும் வண்டிகள்தான் அந்தக் காரணம். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். கம்ப்ரசர் சுற்றாது, பிரேக்குக்குக் காற்று ஏறாது. பின்னால் வருகிறவனுக்கு இது எதுவும் தெரியாது. ஆகவே இன்ஜின் பழுது என்பது முதலாளியின் பணப்பிரச்சினையோடு முடிவதில்லை, சாலையில் போகிற எல்லோருக்கும் ஆபத்து.

நான் சங்ககிரியில் லாரி எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வயரிங், மீட்டர் இவைதான் என் வேலை. 1990களின் தொடக்கத்தில் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். இன்ஜின் பிரிப்பது என் கையில் இல்லை. ஆனாலும் இன்ஜின் இறக்க வேண்டிய வண்டியில் வயரைக் கழற்ற என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அப்போது டிரைவர் தம்பிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "ஆயில் லைட்டே எரியலீங்கண்ணா, எரிஞ்சிருந்தா ஓரங்கட்டியிருப்பனே." முதலாளிகள் இதை நம்புவதில்லை. நான் நம்புகிறேன். அந்த லைட் எரிந்திருக்காது.

டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிவப்பு லைட்டை இயக்குவது இன்ஜின் பிளாக்கில் மாட்டியிருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சவ்வும் இருக்கும். ஆயில் அழுத்தம் சவ்வைத் தள்ளிக்கொண்டிருக்கும்வரை லைட் அணைந்திருக்கும். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரை கிலோவுக்குக் கீழே, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு பக்கம் இறங்கினால்தான் ஸ்பிரிங் ஜெயித்து லைட் எரியும். வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும், ஆனால் பெரும்பாலும் இந்தச் சுற்றுவட்டாரம்தான்.

இப்போது எங்கள் பகுதியில் நிறைய ஓடிய டாடா 2515 வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி இன்ஜின். ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, குறைந்தது 10 பவுண்டு, முழு வேகத்தில் சுற்றும்போது குறைந்தது 30 பவுண்டு அழுத்தம் இருக்க வேண்டும் என்பது அந்த இன்ஜினுக்கு உள்ள கணக்கு. 30 இருக்க வேண்டிய இடத்தில் 12 தான் இருக்கிறது என்று வையுங்கள். மேட்டில் முழு லோடு, ஆக்சிலேட்டர் தரையோடு. சுற்றுகிற கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இடைவெளி கிடையாது. அந்த இடைவெளியில் ஆயில் படலம் நின்றால்தான் இரும்பு இரும்பைத் தொடாது. 12 பவுண்டில் அந்தப் படலம் உடைகிறது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவோ நிமிடத்துக்கு லட்சம் சுற்றை நெருங்கிச் சுற்றுகிறது, அதற்கும் இதே ஆயில்தான். அங்கேயும் அடி விழுகிறது. ஆனால் லைட்டைப் பொறுத்தவரை 12 என்பது 7ஐ விட அதிகம். அது எரியாது. அது எரிகிற நேரத்தில் பேரிங்கின் வெள்ளைப் பூச்சு உரிந்து, இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சேம்பருக்குள் துகளாகக் கிடக்கும்.

பழைய வண்டிகளில் இந்தப் பிரச்சினை குறைவு. நான் தொழில் பழகிய காலத்தில் லேலண்டானாலும் டாடாவானாலும் டேஷ்போர்டில் முள் வைத்த மீட்டர் இருக்கும். பேட்டரிகூடத் தேவையில்லாத மெக்கானிக்கல் மீட்டரும் உண்டு. இன்ஜினிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் நேராக மீட்டருக்கு வரும். உள்ளே வளைந்த ஒரு பித்தளைக் குழல், ஆயில் அழுத்தத்தில் நிமிர முயன்று முள்ளைத் தள்ளும். 1849இல் பிரான்சில் போர்டன் என்பவர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. அன்றைய டிரைவர்கள் ஸ்பீடா மீட்டரைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இந்த முள்ளைப் பார்ப்பார்கள். பிறகு வந்த எத்தனையோ மாடல்களில் மீட்டர் போய் லைட் மட்டும் மிஞ்சியது. இன்று வாங்கி விற்று, மூன்று நான்கு கை மாறி எங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் வண்டிகள் பலவும் அந்த வகைதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர், சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர், புனே லோடு ஏற்றிப் போனார். நிப்பாணி தாண்டி ஒரு ஏற்றத்தில் சத்தம் மாறியது. ஓரங்கட்டுவதற்குள் நின்றுவிட்டது. கனெக்டிங் ராடு பேரிங் ஒட்டிக்கொண்டு, ராடு பிளாக்கைக் குத்தி வெளியே வந்திருந்தது. பாஷை தெரியாத ஊர், லோடு மாற்ற வேறு வண்டி, டோயிங், வேறு பிளாக் என எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. இன்ஜின் பிரித்தபோது காரணம் தெரிந்தது: ஆயில் பம்ப் பல்சக்கரம் தேய்ந்திருந்தது. அது ஒரே நாளில் தேய்வதில்லை. பல மாதமாக அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கும். ஒரு முள் இருந்திருந்தால் ஊரில் இருக்கும்போதே பம்ப் மாற்றியிருக்கலாம். அவர் மனைவியின் நகை அடகுக்குப் போனது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு வண்டியையும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் மீட்டர் இருந்தது. நான்தான் மாட்டினேன். ஒரு நாள் அந்த டிரைவர் போன் செய்தார். "அண்ணா, லைன்ல போறப்ப 45ல நிக்கிற முள்ளு இப்ப 35க்கு மேல ஏற மாட்டேங்குதுங்க. ஆயில் கொறஞ்சிருக்கும்னு குச்சி எடுத்துப் பாத்தா, அளவு மேல ஏறிக் கெடக்குது." இதைக் கேட்டவுடன் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஊற்றாமல் ஆயில் அளவு கூடுகிறது என்றால் உள்ளே டீசலோ தண்ணீரோ சேர்கிறது. குச்சியில் இருந்த ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். டீசல் வாடை. டீசல் ஏற்றிக் கொடுக்கும் லிஃப்ட் பம்பிலிருந்து கசிந்து இன்ஜினுக்குள் இறங்கியிருந்தது. டீசல் கலந்த ஆயில் நீர்த்துவிடும், அழுத்தம் நிற்காது. பம்பை மாற்றி, ஆயிலும் ஃபில்டரும் புதிதாகப் போட்டு வண்டி அன்றே கிளம்பியது. பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. லைட் மட்டும் இருந்த வண்டியாக இருந்தால் அதுவும் நிப்பாணி வண்டி மாதிரிதான் ஆகியிருக்கும்.

சரி, மீட்டர் வாங்கி மாட்டிவிட்டால் போதுமா என்றால், தப்பாக மாட்டினால் மாட்டாமல் இருப்பதே மேல். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 50, 60 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் சூடான ஆயிலில் கை வைக்கிறோம். ஒரு நிப்பிள், அதாவது சின்ன இணைப்புக் குழாய், உடைந்தால் சில நிமிடங்களில் சேம்பர் காலி. பீய்ச்சும் ஆயில் டர்போ மேல் பட்டால் தீப்பிடிக்கும். அதனால் என் பட்டறையில் எப்படிச் செய்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் விஷயம் மரை. லைட் சுவிட்ச் இருக்கும் துளையில்தான் பொதுவாக மீட்டருக்கும் ஆயில் எடுப்போம். அந்தத் துளை கால் அங்குலத்தில் பாதி, அதாவது எட்டில் ஒரு அங்குல என்பிடி (அமெரிக்க அளவு) மரையாக இருக்கலாம், அதே அளவு பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) மரையாக இருக்கலாம், 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையாகவும் இருக்கலாம். மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். என்பிடியில் அங்குலத்துக்கு 27 மரை, பிஎஸ்பியில் 28. ஒன்றை மற்றொன்றில் வைத்தால் முதல் இரண்டு சுற்று கையாலேயே போகும். அதற்கப்புறம் இறுகும். "டைட்டா இருக்குது, நல்லா பிடிக்கும்" என்று ஸ்பானர் போட்டு முறுக்குகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். வார்ப்பிரும்பு பிளாக்கில் அந்த இடம் வெடித்தால் அதற்கு மருந்தில்லை. ஆகவே பழைய சுவிட்சைக் கழற்றி அதன் மரையில் திரெட் கேஜ் வைத்துப் பாருங்கள். கேஜ் இல்லாவிட்டால் சுவிட்சையே கடைக்குக் கொண்டுபோய், அதே மரை உள்ள அடாப்டரை வாங்குங்கள்.

இரண்டாவது, பழைய லைட் சுவிட்சைத் தூக்கி எறியக் கூடாது. டி எழுத்து வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு ஒரு கிளையில் லைட் சுவிட்ச், இன்னொரு கிளையில் அழுத்தத்தை அளந்து மீட்டருக்கு அனுப்பும் சென்டர் (sender). இரவில் டிரைவர் முள்ளைக் கவனிக்காவிட்டாலும் கடைசிக் காவலாக லைட் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் பெரும்பாலோர் தவறவிடுவது. சென்டர் என்பது கைப்பிடி அளவு கனமான உலோக உருளை. அதைப் பித்தளை டியில் மாட்டி அப்படியே இன்ஜினில் தொங்கவிட்டால், டீசல் இன்ஜினின் அதிர்வில் நிப்பிள் கழுத்து என்றைக்காவது ஒரு நாள் முறியும். என் பட்டறையில் பிளாக்கில் ஒரு அடாப்டர் மட்டும்தான் போடுவேன். அங்கிருந்து மேலே கம்பி வலை சுற்றிய ஹோஸ். சேஸிஸ் சட்டத்தில் ஒரு இரும்புப் பட்டை அடித்து டி, சுவிட்ச், சென்டர் மூன்றையும் அங்கே நிலையாகக் கட்டுவேன். இன்ஜின் ஆடினாலும் ஹோஸ் வாங்கிக்கொள்ளும். ஹோஸ் சைலன்சர் பக்கம் போகாமல், எதிலும் உரசாமல் கிளாம்ப் போட வேண்டும். ஆயிலும் சூடும் தாங்கும் தரமான ஹோஸ் கட்டாயம். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இப்படித் தள்ளி மாட்டும்போது எர்த் கவனம். ஒரே டெர்மினல் உள்ள சென்டருக்கும் சுவிட்சுக்கும் உடம்புதான் எர்த். பெயின்ட் அடித்த பட்டையில் மாட்டினால் எர்த் கிடைக்காது, முள் தப்பாகக் காட்டும். தனியாக ஒரு வயர் இழுத்து இன்ஜின் எர்த்தில் சேர்த்துவிடுவேன். மரையில் டெஃப்லான் டேப்பைப் பந்தாகச் சுற்றுவதும் வேண்டாம். எர்த்தைக் கெடுப்பதோடு, டேப் துணுக்கு ஆயில் வழியில் போய்ச் சேர்ந்தால் டர்போவின் சின்னத் துளையை அடைக்கும். திரவ சீலன்ட், அதுவும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு லேசாகத் தடவினால் போதும்.

அடுத்து ஜோடிப் பொருத்தம். லாரி 24 வோல்ட். கார் கடையில் வாங்கிய 12 வோல்ட் மீட்டரை மாட்டினால் புகைந்துவிடும். சென்டரும் மீட்டரும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். இங்கே அதிகம் கிடைப்பது அழுத்தமில்லாதபோது 10 ஓம், முழு அழுத்தத்தில் 184 ஓம் காட்டும் வகை. அதிலும் 5 கிலோ வரை, 10 கிலோ வரை என்று இரண்டு உண்டு. 10 கிலோ சென்டருக்கு 5 கிலோ மீட்டர் போட்டால் உள்ளதில் பாதிதான் காட்டும். மாற்றிப் போட்டால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். இரண்டாவதுதான் கொலைகாரத் தவறு. இந்த வகையில் இன்னொன்றையும் டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: சென்டருக்குப் போகும் வயர் அறுந்தால் முள் பூஜ்யத்துக்கு விழாது, முழுசாக மேலே போய் நிற்கும். இன்ஜின் அணைத்து சாவி மட்டும் போட்டிருக்கும்போதும் முள் உச்சியில் நின்றால் பிரஷர் பிரமாதம் என்று நினைக்காதீர்கள், வயரைப் பாருங்கள்.

கேபின் சாய்க்கிற வண்டியில் செம்புக் குழாய் மெக்கானிக்கல் மீட்டர் போட வேண்டாம். ஒவ்வொரு முறை சாய்க்கும்போதும் குழாய் வளைந்து நிமிர்ந்து வெடிக்கும், கொதிக்கிற ஆயில் டிரைவரின் காலில் கொட்டும். எலக்ட்ரிக் மீட்டர்தான் சரி. வயரைக் கேபின் கீல் பக்கமாகக் கொண்டுவந்து, சாய்க்கும்போது இழுபடாதபடி ஒரு சுற்று தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். மீட்டருக்கு கரண்ட் சாவி போட்ட பிறகு வரும் லைனிலிருந்து, தனி ஃபியூஸ் வழியாக.

மாட்டி முடித்ததும் கடையிலிருந்து கிளம்பும் முன் ஒரு வேலை செய்வேன். தனியாக வைத்திருக்கும் மெக்கானிக்கல் டெஸ்ட் கேஜை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடலிங்கிலும் ரேஸ் செய்தும் இரண்டும் ஒன்றாகக் காட்டுகிறதா என்று பார்ப்பேன். பிறகு மீட்டர் கண்ணாடி மேல் பெயின்ட்டால் இரண்டு கோடு. சூட்டில் ஐடலிங்கில் முள் நிற்கும் இடத்தில் ஒன்று, ரோட்டில் ஓடும்போது நிற்கும் இடத்தில் ஒன்று. வண்டிக்கு டிரைவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருகிறவருக்கு பவுண்டும் கிலோவும் தெரியாவிட்டாலும், முள் கோட்டுக்குக் கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும் என்பது புரியும். முதல் டிரிப் போய்வந்ததும் எல்லா மரையையும் ஒருமுறை துடைத்து, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம்.

முள்ளைப் படிக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் முள் உயரே நிற்கும், அது ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருப்பதால். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டோல்கேட்டில் ஐடலிங்கில் நிற்கும்போது நன்றாக இறங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது, அதே சூட்டில் அதே வேகத்தில் போன மாதம் நின்ற இடத்தில் இந்த மாதம் நிற்கிறதா என்பதைத்தான்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிரஷர் குறைகிறது என்று போனால், கூடுதல் அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றி ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 15டபிள்யூ-40 ரக ஆயில் ஊற்ற வேண்டிய இன்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. ஆயில் குளிர்ந்திருக்கும்போது முள் ஏறும், முதலாளியும் சந்தோஷமாகக் காசு கொடுத்துப் போவார். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும். மீட்டர் காட்டும் எச்சரிக்கையை மீட்டரிலேயே மறைக்கிற இந்த வேலை நம் தொழிலுக்கே அவமானம். லாரி உரிமையாளர்கள் "முள்ளு ஏறுச்சா" என்று கேட்பதை விட்டு, "எதனால இறங்குச்சு" என்று கேட்க வேண்டும்.

பிஎஸ்6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் நான் சொன்னபடி டி போட்டு வயரை வெட்ட வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த அவற்றில் சென்சார் எல்லாம் கம்ப்யூட்டரோடு பேசுகிறது. வாரன்டியும் போகும், வேறு கோளாறும் வரும். பலவற்றில் டேஷ்போர்டு திரையிலேயே ஆயில் பிரஷரைப் பார்க்க வழி இருக்கிறது. ஷோரூமில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதிதாகத் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று 2025இல் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது நல்ல காரியம், நாற்பது டிகிரி வெயிலில் ஓட்டுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதே அக்கறையோடு, ஒவ்வொரு கனரக வாகனத்திலும் ஆயில் பிரஷர் அளவைக் காட்டும் மீட்டர் கட்டாயம் என்று விதி வர வேண்டும். எட்டு வருடம் தாண்டிய லாரி ஆண்டுதோறும் எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகிறது. பிரேக் பார்க்கிறார்கள், லைட் பார்க்கிறார்கள், புகை பார்க்கிறார்கள். சூடான இன்ஜினில் ஆயில் பிரஷர் எவ்வளவு என்றும் பார்த்து எழுதினால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். ஐடிஐ டீசல் மெக்கானிக் பிள்ளைகளுக்கு மரை வித்தியாசத்தைக் கையில் கொடுத்துக் கற்றுத்தர வேண்டும் என்றும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீட்டர், சென்டர், ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும், அரை நாள் வேலை. ஆயுத பூஜைக்கு எல்லா வண்டியும் ஊருக்கு வந்து நிற்கும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு லாரி உரிமையாளர்கள் அந்த நாட்களில் தங்கள் மெக்கானிக்கிடம் டெஸ்ட் கேஜ் மாட்டி ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தால் மீட்டரை மாட்டிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் அடுத்த லோடு ஏற்றும் முன் சேம்பரை இறக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி எலக்ட்ரீஷியன்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.